முழங்கால் வலியை மறைத்து ஆடிய ஒன்றரை வருடம்

நான் பிறந்தது 2004 டிசம்பர் கடைசி வாரம். பேட்மிண்டனில் வயதுப் பிரிவை ஜனவரி 1-ஐ வைத்துத்தான் கணக்கிடுவார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2004 ஜனவரியில் பிறந்தவளும் நானும் எப்போதும் ஒரே பிரிவு. பத்து வயதில் பதினோரு மாத வித்தியாசம் என்றால் நாலு விரல் உயரம் வித்தியாசம். ஒரு பின்கோட்டில் நின்று எதிர்ப் பின்கோடு வரை ஷட்டிலைத் தள்ள அவளால் முடியும், எனக்கு முக்கால் கோர்ட் தாண்டாது. உயரத் தூக்கி அடிக்கும் அந்த அரைகுறை லாபை அவள் ஸ்மாஷ் அடித்து முடித்துவிடுவாள். 13 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் அப்படி எத்தனை முறை தோற்றேன் என்று எண்ணவில்லை. "திறமை இருக்கு, உடம்புதான் பத்தல, இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிப் பார்ப்போம்" என்றார் கோச். அப்பா தலையாட்டினார். யாரும் காலண்டரைப் பார்க்கவில்லை.

இந்தக் கணக்கை அப்போதே ஒருவர் விளக்கியிருந்தால் எங்கள் வீட்டில் பாதி அழுகை மிச்சமாகியிருக்கும். உங்கள் பிள்ளை வருடக் கடைசியில் பிறந்ததென்றால், பதினான்கு வயது வரை வெற்றி தோல்வியைத் தராசில் போடாதீர்கள். நெட் பக்கத்தில் ஷட்டிலை எந்த உயரத்தில் தொடுகிறாள், மூலையிலிருந்து நடுவுக்கு எத்தனை அடியில் திரும்புகிறாள், மூன்றாவது கேமில் முகம் எப்படி இருக்கிறது, இதையெல்லாம் பாருங்கள். உயரம் தானாக வரும், ஆனால் தோற்றதற்குத் தண்டனையாகச் சேர்த்த அந்தக் கூடுதல் மணி நேரம் மூட்டில் தங்கிவிடும்.

எனக்கு உயரம் பதின்மூன்று வயதில் வந்தது, ஒரே வருடத்தில், சொல்லாமல் கொள்ளாமல். அந்த வருடம் என் கைகால் எனக்கே அந்நியமாக இருந்தது. நேற்று வரை மூன்று எட்டில் போன இடத்துக்கு இன்று இரண்டரை எட்டு, ஷட்டில் ராக்கெட் விளிம்பில் பட்டுப் பறக்கும். முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்துக்கொண்டு வலித்தது. வளரும் பிள்ளைகளுக்கு வளர்ச்சித் தட்டை தசைநார் இழுப்பதால் வருவது அது, ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைத்தால் பெரும்பாலும் காலப்போக்கில் அடங்கிவிடும். நாங்கள் குறைக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் உயரத்தைக் கோடு போட்டு, கோடு வேகமாக ஏறும் காலத்தில் குதிப்பதைப் பாதியாக்கி, நெட் ஆட்டத்தையும் சர்வீஸையும் கூட்டியிருந்தால் போதும். செலவே இல்லாத வைத்தியம். இன்னொரு முட்டாள்தனமும் அந்த வயதில்தான் நடந்தது. சீனியர் அக்காக்கள் 27 பவுண்டு இறுக்கத்தில் ராக்கெட் ஸ்ட்ரிங் போடுகிறார்கள் என்று நானும் 27 போட்டுக்கொண்டேன். அவ்வளவு இறுக்கமாகப் போட்டால் ராக்கெட்டின் நட்டநடுவில் பட்டால்தான் ஷட்டில் போகும், மற்ற இடத்தில் பட்டால் அதிர்வு முழுக்க முழங்கைக்கு. 22-க்கு இறங்கிய நாளில் என் லாப் ஒரு அடி நீண்டது. வெட்கப்பட்டுக்கொண்டே இறங்கினேன் என்பது வேறு விஷயம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2020-இல் அரங்குகள் மூடின. அந்த வருட உலக ஜூனியர் சாம்பியன்ஷிப் ரத்தானது, 2021-உம் ரத்தானது. 19 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் எனக்கு மிச்சமிருந்தது 2022 ஒன்றுதான். ஸ்பெயினில் சாந்தாண்டெர் நகரத்தில் நடக்கப்போகிறது, அணியில் இடம் பிடித்தால் பிடித்ததுதான், அடுத்த ஜனவரியில் நான் சீனியர். இரண்டு வருடத்தில் ஆடியிருக்க வேண்டியதை எல்லாம் அந்த ஒரே வருடத்தில் ஆடித் தீர்க்க வேண்டும் என்று நானாகவே ஒரு முடிவுக்கு வந்தேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பத்து மாதத்தில் பதினோரு போட்டி. இரண்டு போட்டிக்கு நடுவே முழுதாக ஓய்வெடுத்த வாரங்கள் மொத்தம் மூன்று.

வலி பிப்ரவரியில் தொடங்கியது. முதலில் வந்தபோது வலி என்றே சொல்ல முடியாது. வலது முழங்கால் சில்லுக்கு அடியில், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடத்தில், காலையில் படி இறங்கும்போது ஒரு பிடிப்பு. கோர்ட்டுக்குப் போய் உடம்பு சூடானால் காணாமல் போய்விடும். ஏமாற்றியது இதுதான். ஆடும்போது வலிக்கவில்லையே, அப்புறம் என்ன என்று நினைத்தேன். ஆடி முடித்த இரவு திரும்ப வரும், மறுநாள் காலை கொஞ்சம் கூடுதலாக. நான் வலது கைக்காரி. நெட்டுக்குப் பாய்ந்தாலும் பக்கவாட்டில் எட்டினாலும் கடைசி எட்டை ஊன்றுவது பெரும்பாலும் வலது கால்தான். ஒற்றையர் கோர்ட்டின் ஒரு பக்கம் 6.7 மீட்டர் நீளம், 5.18 மீட்டர் அகலம். டிவியில் சின்னதாகத்தான் தெரியும். அதற்குள் ஒரு ஆட்டத்தில் நூற்றுக்கணக்கான முறை உடம்பின் முழு எடையையும் ஒரே காலில் நிறுத்தித் திருப்ப வேண்டும். பதினோரு போட்டியில் எத்தனை முறை ஊன்றியிருப்பேன் என்று இப்போது கணக்குப் போடப் பயமாக இருக்கிறது.

மறைப்பதில் கெட்டிக்காரியானேன். மற்றவர்கள் வருவதற்கு இருபது நிமிடம் முன்னதாகவே போய்க் காலைச் சூடேற்றிவிடுவேன். வார்ம்-அப்பில் நொண்டுவதை யாரும் பார்க்க மாட்டார்கள். "என்னம்மா, வலது பக்கம் லேட்டா போற?" என்று கோச் கேட்டால், "தூக்கம் சரியில்ல சார்." வீட்டில் ஐஸ் வைப்பது குளியலறைக்குள். வலி மாத்திரைகளை ஸ்ட்ரிங் சுருள் வைக்கும் பையில் வைத்திருந்தேன். ஏன் மறைத்தேன் என்றால், சொன்னால் உட்கார வைப்பார்கள், உட்கார்ந்தால் ரேங்கிங் போகும், ரேங்கிங் போனால் தேர்வுப் போட்டிக்கே கூப்பிட மாட்டார்கள். அந்த வயதில் அதற்கு அப்பால் எதுவும் கண்ணில் படவில்லை. இன்று அந்தப் பிப்ரவரிக்குத் திரும்ப முடிந்தால் ஆறு வாரம் பாரத்தைக் குறைத்துப் பார்ப்பேன். முழு ஓய்வு வேண்டாம், குதிப்பதையும் பாய்வதையும் மட்டும் குறைத்தால் போதும். ஆறு வாரம் கொடுக்க மனமில்லாமல் பிறகு ஒன்பது மாதம் கொடுத்தேன்.

கணக்கு எளிது, ஆனால் எனக்கு யாரும் சொல்லவில்லை: ஆடும்போது வலிக்கிறதா என்று பார்க்காதீர்கள், மறுநாள் காலை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். எழுந்தவுடன் ஒற்றைக் காலில் மெதுவாகப் பாதி உட்கார்ந்து எழுந்து, வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். 2, 2, 3 என்று போனால் ஆடலாம். 3, 4, 5 என்று ஏறிக்கொண்டே போனால் நேற்று செய்தது அதிகம். இவ்வளவுதான்.

அடுத்து நடந்ததை இதுவரை வெளியே சொன்னதில்லை. தேர்வுப் போட்டிக்கு மூன்று நாள் முன்னால் கால் மடக்கவே முடியவில்லை. கூட ஆடும் ஒருத்தி சொன்ன மருத்துவரிடம் தனியாகப் போனேன். "ஒரு ஊசி, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார். போட்டுக்கொண்டேன். நிஜமாகவே சரியானது. காலிறுதி வரை பறந்தேன், அங்கே மூன்று கேமில் தோற்றேன், அணியில் இடம் இல்லை. அது ஒரு துக்கம் என்றால், இரண்டு வாரம் கழித்து ஊக்கமருந்து விழிப்புணர்வு வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது தெரிந்தது அதைவிடப் பெரியது. எனக்குப் போட்டது ஸ்டீராய்டு ஊசி. தசை வளர்க்கும் ரகம் இல்லை, வீக்கத்தைக் குறைக்கும் ரகம், எல்லா எலும்பு மருத்துவரிடமும் இருப்பது. ஆனால் 2022 ஜனவரி 1 முதல் அந்த வகை மருந்தை எந்த இடத்தில் ஊசியாகப் போட்டாலும், போட்டிக் காலத்தில் உடம்பில் இருந்தால் அது தடை செய்யப்பட்டது. போட்டிக் காலம் என்பது பொதுவாக ஆட்டத்துக்கு முந்தைய இரவு 11.59-க்கே தொடங்கிவிடும். எனக்குச் சோதனை நடக்கவில்லை. நடந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். அதற்குப் பிறகு பல மாதம், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் வயிற்றைக் கலக்கும்.

அந்த மருத்துவர் மேல் முழுப் பழியைப் போட மாட்டேன், நான் போட்டி ஆடுகிறவள் என்று அவரிடம் சொல்லவே இல்லை. சொல்லுங்கள். மருந்துச் சீட்டு கைக்கு வந்ததும், ஊசி போடும் முன், "நான் போட்டியில் ஆடுகிறேன், இது தடைப் பட்டியலில் இருக்கிறதா?" என்று கேளுங்கள், அப்புறம் நீங்களே மருந்தின் மூலப்பெயரை உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் பட்டியலில் தேடுங்கள். சளிக்குக் கடையில் கிடைக்கும் சூடோஎஃபெட்ரின்கூடப் போட்டிக் காலத்தில் ஒரு அளவுக்கு மேல் சிறுநீரில் இருந்தால் தவறுதான். உண்மையிலேயே அந்த மருந்துதான் தேவை என்றால் சிகிச்சைக்கான விலக்கு அனுமதிக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. "எனக்குத் தெரியாது" என்ற பதில் அங்கே எடுபடாது, உடம்பில் என்ன இருக்கிறதோ அதற்கு ஆடுகிறவரே பொறுப்பு. இதையெல்லாம் விட இன்னொன்று: தசைநாருக்குள் அந்த ஊசி போனால் நார் பலவீனமாகலாம், அறுந்துகூடப் போகலாம். வலி போனதே தவிரப் புண் அப்படியே இருந்தது. நான் அதன் மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தேன்.

2023 ஜனவரியில் சீனியர். ஜூனியரில் சேர்த்த பெயரெல்லாம் ஒரே இரவில் பூஜ்யம். உலகத் தரவரிசை எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், அப்பாவுக்கு அதுவும் தெரியாது. கடந்த 52 வாரங்களில் ஆடிய போட்டிகளில் சிறந்த பத்தின் புள்ளிகளைக் கூட்டுவார்கள். அடித்தட்டில் இருக்கும் ஃபியூச்சர் சீரிஸில் கோப்பையே வாங்கினாலும் 1,700, இன்டர்நேஷனல் சீரிஸில் 2,500, இன்டர்நேஷனல் சேலஞ்சில் 4,000. மேலே சூப்பர் 1000 போட்டியில் ஜெயிப்பவருக்கு 12,000. கீழே இருப்பவர் மேலே ஏற நிறைய ஆட வேண்டும், நிறைய ஆட நிறையப் பறக்க வேண்டும், பரிசுப் பணமோ விமான டிக்கெட்டுக்குப் பக்கத்தில்கூட வராது. ஒரு வருடம் கழிந்தால் பழைய புள்ளி உதிர்ந்துவிடும். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போல.

ஏழு பயணம் போனேன், பிப்ரவரியிலிருந்து ஆகஸ்ட் வரை. ஐந்தில் குவாலிஃபையிங் என்ற தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே வெளியே. இரண்டில் அதைத் தாண்டி மெயின் டிரா, அதாவது முதன்மைப் போட்டி வரை போய் முதல் சுற்றில் தோல்வி. முதல் பயணத்தில் நம்பிக்கையோடு ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டிக்கு அப்புறம் திரும்பும் டிக்கெட் எடுத்திருந்தேன், மாற்ற முடியாத மலிவு டிக்கெட். குவாலிஃபையிங் முதல் நாளே முடிந்துவிட்டது. மிச்ச நாளெல்லாம் கேலரியில் உட்கார்ந்து, என்னைத் தோற்கடித்தவள் அடுத்தவளிடம் தோற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறை வாடகை ஓடிக்கொண்டிருந்தது. கோச்சைக் கூட்டிப்போக வசதி இல்லை. இடைவேளையில் எல்லா நாற்காலிக்குப் பின்னாலும் ஒருவர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார், என் நாற்காலிக்குப் பின்னால் என் பைதான் இருக்கும்.

எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அப்பாவும் நானும் உட்கார்ந்து கூட்டினோம். 2022-உம் 2023-உம் சேர்த்து அவருடைய பதினான்கு மாதச் சம்பளம். ஏழு பயணத்தில் நான் ஆடியது பதினோரு ஆட்டம், ஜெயித்தது நான்கு. பயணச் செலவைப் பதினொன்றால் வகுத்தபோது வந்த தொகையைப் பார்த்து இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒரு ஆட்டத்துக்கான அந்தத் தொகையில் என்னைவிட நன்றாக ஆடும் இரண்டு பேரை ஒரு மாதம் பயிற்சி ஆட்டத்துக்கு அழைத்திருக்கலாம், ஷட்டிலும் நானே வாங்கி. அதனால் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன் ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள், ஒரு போட்டிக்கு எவ்வளவு என்று பார்த்தால் உண்மை தெரியாது. பக்கத்துப் பக்கத்து நாடுகளில் அடுத்தடுத்த வாரம் நடக்கும் இரண்டு போட்டியைச் சேர்த்துப் பிடியுங்கள். திரும்பும் டிக்கெட்டுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது தேதி மாற்றக்கூடியதை எடுங்கள். காத்திருப்புப் பட்டியலில் பெயர் இருந்தால், உள்ளே வந்துவிட்டோம் என்று உறுதியாகும் வரை டிக்கெட்டே எடுக்காதீர்கள். விலகுவதாக இருந்தால் விதிப்படி கடைசித் தேதிக்கு முன் விலகுங்கள், தாமதமாக விலகினால் அபராதம் வரும்.

ஆகஸ்டில் ஏழாவது பயணத்திலிருந்து திரும்பியபோது வண்டியில் ஏறக் காலைத் தூக்க முடியவில்லை. அப்பா பார்த்துவிட்டார். "எத்தனை நாளா?" என்றார். ஒன்றரை வருடம் என்றேன். அவர் திட்டவில்லை, பையை வாங்கிக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஸ்கேனில் சில்லுத் தசைநாரில் பகுதிக் கிழிசல். பிசியோதெரபி ஒன்பது மாதம். முதல் சில வாரங்கள் சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்கால் மடங்கியபடி 45 விநாடி அசையாமல் நிற்பது, ஐந்து முறை. அப்புறம் எடை, மிக மெதுவாக ஏற்றி இறக்குவது. கடைசியில்தான் குதிப்பது. தசைநாருக்கு ரத்த ஓட்டம் குறைவு, அது வாரக் கணக்கில் தேறாது, மாதக் கணக்குத்தான் என்று பிசியோ அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார். முழு ஓய்வும் மருந்தில்லை, பாரம் கொடுத்தால்தான் நார் உறுதியாகும், எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்த அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டம். தென்கொரியாவின் அன் சே-யங் முழங்கால் வலியோடு, நடுவில் சிகிச்சை எடுத்துக்கொண்டு, சீனாவின் சென் யூஃபேயை மூன்று கேமில் ஜெயித்துத் தங்கம் வாங்கினார். சுற்றிலும் எல்லோரும் வீரம், மன உறுதி என்று புல்லரித்துக்கொண்டிருந்தார்கள். காலில் எடையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு அவர் எழுந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிசைந்தது. அடுத்த ஆகஸ்டில் பாரிஸில் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய கையோடு, தன் காயத்தைத் தேசிய அணி அலட்சியமாகக் கையாண்டது என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். அதே பாரிஸில் ஸ்பெயினின் கரோலினா மாரின் அரையிறுதியில் முன்னிலையில் இருந்தபோது முழங்கால் போய் அழுதுகொண்டே வெளியேறினார், 2019-லும் 2021-லும் ஏற்கெனவே முழங்கால் அறுவை சிகிச்சை பார்த்தவர். உச்சியில் இருப்பவர்களுக்கே இந்தக் கதி. அவர்களைச் சுற்றி மருத்துவர் குழு இருக்கிறது, என்னிடம் இருந்தது ஸ்ட்ரிங் பைக்குள் ஒரு மாத்திரை அட்டை.

நடுவில் ராக்கெட்டும் ஷூவும் தந்துகொண்டிருந்த நிறுவனம் ஒரு வரிக் குறுஞ்செய்தியில் நிறுத்திக்கொண்டது. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், ஆறு மாதம் ஆடாவிட்டால் தானாக முடியும் என்று இருந்தது. கையெழுத்துப் போட்ட நாளில் நாங்கள் வாசித்தது எத்தனை ராக்கெட் என்ற வரியை மட்டும்.

2024 ஜூனில் திரும்ப வந்தேன். இந்த முறை அப்பாவிடமும் கோச்சிடமும் ஒரு தேதி சொல்லிவிட்டேன்: டிசம்பரில் எனக்கு இருபது முடியும், அதற்குள் மெயின் டிராவில் ஒரு ஆட்டம் ஜெயிக்காவிட்டால் நிறுத்திவிட்டுப் படிக்கப் போகிறேன். தேதியை நல்ல மனநிலையில் இருக்கும்போதே வைத்துவிட வேண்டும், தோற்ற இரவில் வைத்தால் நாளைக்கே என்போம், ஜெயித்த இரவில் வைத்தால் வைக்கவே மாட்டோம். அந்த ஆறு மாதம்தான் நான் நிம்மதியாக ஆடிய காலம். இரட்டையரும் ஆடிப் பார்த்தேன், பிடித்திருந்தது, இதைப் பதினைந்து வயதிலேயே யாராவது தள்ளிவிட்டிருக்கலாம் என்று தோன்றியது. பள்ளி முடித்ததோடு படிப்பை விட்டிருந்ததால் இப்போது கல்லூரியில் என்னைவிட மூன்று வயது சின்னவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். தொலைதூரக் கல்வியிலாவது பெயர் போட்டு வைத்திருக்கலாம்.

கடைசி ஆட்டம் நவம்பரில், குவாலிஃபையிங் இரண்டாம் சுற்று, மூன்றாவது கேமில் 19–21. மறுநாள் காலை எழுந்து வழக்கம்போல ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுந்தேன். வலிக்கவே இல்லை. நோட்டில் 0 என்று எழுதிவிட்டுப் பையைக் கட்டினேன்.